கவனக்குறைவு என்று எழுதாதீர்கள்

வெல்டிங் பட்டறையில் ரெகுலேட்டர் தீப்பற்றினாலோ சிலிண்டர் வெடித்தாலோ மறுநாள் செய்தியில் 'கவனக்குறைவு' என்ற சொல் வந்துவிடும். யாருடைய கவனக்குறைவு? செத்தவனுடையது, இல்லையென்றால் முகம் வெந்தவனுடையது. பட்டறை முதலாளியின் கவனக்குறைவு என்று எழுதி நாங்கள் படித்ததில்லை.

திருவண்ணாமலையில் லாரிப் பட்டறை, டிங்கரிங் கடை, பழைய இரும்புக் கடை என்று நாங்கள் போய்ப் பேசிய இடங்களில் வேலைப் பிரிவினை ஒரே மாதிரிதான் இருக்கிறது. டார்ச் பிடிப்பவர் மேஸ்திரி. சிலிண்டரை உருட்டி வருவதும், ரெகுலேட்டர் மாட்டுவதும், வால்வு திறப்பதும் ஹெல்ப்பர். அந்த ஹெல்ப்பர் பெரும்பாலும் நம் தெருப் பையன், எட்டாவதோ பத்தாவதோ முடித்தவன்.

ஆக்சிஜன் சிலிண்டருக்குள் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ. லாரி டயரில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு. அதைச் சில கிலோவாகக் குறைத்து டார்ச்சுக்கு அனுப்புவதுதான் ரெகுலேட்டரின் வேலை. வால்வைத் திறக்கும் முன் ரெகுலேட்டர் திருகை முழுக்கத் தளர்த்த வேண்டும். மீட்டருக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் பாய்கிற வாயு உள்ளே நெருக்குண்டு கொதிக்கும். அங்கே ஒரு துளி கிரீஸ் இருந்தாலும் ஆக்சிஜனில் அது பற்றிக்கொள்ளும். பிறகு ரெகுலேட்டரே எரியும்.

இப்போது அந்தப் பையனின் நிலையில் நின்று பாருங்கள். லாரிப் பட்டறையில் மரை இறுகினால் எண்ணெய் விடு என்றுதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நட்டு, போல்ட்டு, கீல் எல்லாவற்றுக்கும் அது சரி. ஆக்சிஜன் ரெகுலேட்டருக்கு மட்டும் அது கொலை. சற்று முன் சக்கரத்துக்குக் கிரீஸ் வைத்த கையோடு அவனை வால்வு திறக்கக் கூப்பிடுகிறார்கள். பட்டறை கற்றுக்கொடுத்ததைத்தான் அவன் செய்கிறான். இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது?

மேஸ்திரிக்கு எல்லாம் தெரியும். தான் திறக்கும்போது ஒதுங்கித்தான் நிற்கிறார்.

திருகைத் தளர்த்திய பிறகும் டார்ச் பக்கத்து மீட்டர் முள் ஏறினால், உள்ளே அடைப்பான் தேய்ந்துவிட்டது. அந்த ரெகுலேட்டரைக் கழற்றி வைத்துவிட வேண்டும். நாங்கள் பார்த்த இடத்தில் ஸ்பேனரால் தட்டி முள்ளை இறக்கினார்கள். அசிட்டிலீனை ஒரு கிலோ அழுத்தத்துக்கு மேல் வைக்கவே கூடாது, காற்றே கலக்காமல் அது வெடிக்கும். தீ ஹோஸ் வழியாகப் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் பல பட்டறைகளில் கிடையாது.

"வாயு சாதி பார்க்குமா?" என்று எங்களிடமே கேட்டார்கள். பார்க்காது. பிற சாதி ஏழைப் பிள்ளைகளும் இந்த வேலையில் இருக்கிறார்கள். ஆனால் யார் காலமெல்லாம் ஹெல்ப்பராகவே இருப்பார், யாருக்குத் தொழில் நுணுக்கம் சொல்லித்தரப்படும் என்பதை வாயு முடிவு செய்வதில்லை. மலக்குழி மரணத்துக்கு 2013இல் பெயர் சொல்லி ஒரு சட்டமாவது வந்தது. அதுவும் எத்தனை சாவுக்குப் பிறகு! பட்டறைச் சாவு இன்னும் வெறும் 'விபத்து'.

சட்டமும் விலகிப் போகிறது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கியிருக்கிறது. நாலு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இரண்டுமே எட்டாது. இழப்பீடு எட்டும். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமே, தொழிலாளி இறந்தாலோ நிரந்தரமாக முழுதும் முடங்கினாலோ, பாதுகாப்பு விதியை அவர் மீறினார் என்று சொல்லி முதலாளி தப்ப முடியாது என்றது. ஆள் எண்ணிக்கையும் அதற்குத் தடையில்லை. இது தெரியாமல்தான் நம் குடும்பங்கள் ஈமச்செலவுக்குக் கொடுத்த காசோடு கையெழுத்துப் போட்டுவிடுகின்றன. போடாதீர்கள்.

தாட்கோ கடனில் வெல்டிங் பட்டறை வைக்கும் நம் இளைஞர்களுக்கு, மிஷினோடு நல்ல ரெகுலேட்டரும் அரெஸ்டரும் மானியத்தில் சேர வேண்டும். அரசு ஐடிஐ வெல்டர் பிரிவில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெல்ப்பர்களுக்கு வகுப்பு நடத்த வேண்டும். மாவட்ட ஆட்சியரிடம் மனுவாக இதைக் கொடுக்கிறோம்.

அதுவரை, பட்டறைக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் இன்றிரவே கேளுங்கள்: வால்வு திறக்கும்போது எந்தப் பக்கம் நிற்கிறாய்?