பன்றிக்கு வைத்த குறி

பி.காம். படிக்கிறவனுக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். திண்டிவனம் பக்கம் எங்கள் கொல்லையில் மல்லாட்டையைக் காட்டுப்பன்றி உழுது போட்டதைப் பார்த்தவன் நான்.

காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. சந்தோஷம். ஆனால் எதைக் கொண்டு சுடுவது? அதுதான் என் கேள்வி.

"இஷாப்பூர் .315 போதும்டா, மரக்கட்டை போட்டது, பெரிய குண்டு, ஒரே அடி" என்கிறான் விழுப்புரத்து நண்பன். அட போப்பா! ஐப்பசி அடைமழையில் மரம் ஈரம் குடித்து உப்பும். குழலை ஒரு பக்கமாக நெருக்கும். நேற்று சரியாக இருந்த குறி இன்று விலகும். கண்ணாடியிழைக் கட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. அழகு குறைவுதான், இருக்கட்டுமே!

இது செஞ்சி மலை இல்லை, சமவெளி. குண்டைத் தடுக்க ஒரு மண்மேடு கூடக் கிடையாது. தவறிய ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். பக்கத்துக் கொல்லையில் காவலுக்குப் படுத்திருப்பவர் என் சித்தப்பா. பன்றிக்கு வைத்த திருட்டு மின்வேலியில் மனிதர்கள் செத்தது போதாதா?

பன்றி தப்பினால் நஷ்டம் சில மூட்டை மல்லாட்டை. குறி தப்பினால்? அந்தக் கணக்கை எந்த லெட்ஜரிலும் எழுத முடியாது.