சீமைச்சாமந்தியை விற்போம், வைத்தியம் பார்க்க வேண்டாம்



"கெமோமில் டீ இருக்கா?" என்று சில ஆண்டுகளுக்கு முன் யாராவது கேட்டிருந்தால், திண்டிவனத்தில் உள்ள நம் மளிகைக் கடைகளில் விழித்திருப்போம். இன்று சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சொல்லி, ஊரில் இருக்கும் பெற்றோர் கேட்டு வாங்குகிறார்கள். விழுப்புரம் கடைகளிலும் இதே நிலைதான். கேட்கிற சரக்கை வைப்பது நம் தொழில். ஆனால் அது என்ன சரக்கு என்று தெரிந்து விற்க வேண்டாமா?

கெமோமில் என்பது சீமைச்சாமந்தி. சாமந்திக் குடும்பத்துப் பூ. காய்ந்த பூவைக் கொதித்த நீரில் போட்டு, ஐந்து நிமிடம் மூடி வைத்து, வடிகட்டிக் குடிப்பார்கள். இதில் தேயிலை இல்லை. ஆகவே காபீனும் இல்லை. இரவில் டீ, காபி குடித்துவிட்டுத் தூக்கம் வராமல் புரளுகிறவர்களுக்கு நல்ல மாற்று. உடல் தளர்ந்து ஓரளவு நல்ல தூக்கம் வரும் என்று சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. அதற்கு மேல் பெரிதாகச் சொல்ல ஆதாரம் போதாது.

சென்ற மாதம் என் கடைக்கு வந்த ஒரு பெரியவர் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "அண்ணாச்சி, இதக் குடிச்சா சுகர் மாத்திரைய நிறுத்திடலாமா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரக்குப் போட்ட விற்பனையாளர் கல்லாவின் மேல் வைத்துவிட்டுப் போன துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார். "ஐயா, மாத்திரைய நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேளுங்க" என்று சொல்லி அனுப்பினேன். பிரசுரத்தை அன்றே கிழித்துப் போட்டேன். அன்று நான் கடையில் இல்லாமல் பையன் மட்டும் இருந்து, "ஆமாங்க" என்று தலையாட்டியிருந்தால்?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. தேயிலைச் செடியிலிருந்து வராத எதையும் 'டீ' என்று பெயரிட்டு விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 டிசம்பரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே வாடிக்கையாளர் டீ என்று கேட்கட்டும். நாம் ஒட்டும் சீட்டில் 'சீமைச்சாமந்திப் பூ' என்றே இருக்கட்டும்.

வாங்குகிறவரிடம் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். சாமந்தி, பார்த்தீனியம் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆகாமல் போகலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

சரக்கைக் கொஞ்சமாக, பில்லோடு, உரிம எண்ணும் காலாவதித் தேதியும் பார்த்து எடுங்கள். பூ வாசனையை இழுத்துக்கொள்ளும். பெருங்காயம், மிளகாய்த்தூள் பக்கத்தில் வைக்காதீர்கள். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும்.

பெரிய அங்காடிகளில் டப்பா இருக்கும்; கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. நம்மிடம் இருக்கும் முதல், வாடிக்கையாளர் நம் வார்த்தை மேல் வைத்திருக்கும் நம்பிக்கை. ஒரு டப்பா லாபத்துக்காக அதை விற்றுவிடக் கூடாது.