உயர்தலும் உயர்த்தப்படுதலும்

மாதேசுவரன் மலையிலிருந்து மேட்டூருக்கு இறங்கும் சாலையில், மாநில எல்லையை ஒட்டி இருக்கிறது பாலாறு. வேலூர்ப் பாலாறு அன்று. காவிரியில் வந்து கலக்கும் சிறிய ஆறு ஒன்றின் பெயரே ஊருக்கும் பெயர். இப்பகுதி அடங்கியிருந்த கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பிறகு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். முகவரிதான் மாறிக்கொண்டு வந்தது. அண்மையில் பல்கலைக்கழகமும் மாறியது. 1916-இல் தோன்றிய மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கீழிருந்த இம்மாவட்டக் கல்லூரிகளுக்கென, கர்நாடக அரசின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் வழியே சாமராஜநகர்ப் பல்கலைக்கழகம் உருவானது.

இம்மாற்றத்தைப் பட்டச் சான்றிதழ், தேர்வுக் கட்டணம், பேராசிரியர் பணியிடம் ஆகியவற்றை வைத்தே பேசிவருகிறோம். விளையாட்டுத் திடலில் அது என்ன செய்கிறது என்று கேட்பார் அரியர்.

இந்தியாவில் ஒரு கல்லூரி அணி தன் பெயரில் தேசிய அளவில் ஆடுவதில்லை. கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளிலிருந்து பல்கலைக்கழக அணி தேர்வாகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் மண்டலப் போட்டியில் அவ்வணி ஆடுகிறது. மண்டலத்தில் முன்னிற்பவை அகில இந்தியப் போட்டிக்குச் செல்கின்றன. கொள்ளேகாலில் படிக்கும் ஒரு கபடி வீராங்கனை முன்பு இந்த ஏணியின் இரண்டாம் படியை எட்ட வேண்டுமானால், மைசூர், மாண்டியா, ஹாசன், சாமராஜநகர் ஆகிய நான்கு மாவட்டக் கல்லூரிகளின் வீராங்கனைகளோடு போட்டியிட வேண்டியிருந்தது. இப்போது ஒரு மாவட்டம் போதும். அவருடைய ஆட்டம் அப்படியே இருக்க, அவர் நிற்கும் படி மட்டும் மேலேறிவிட்டது.

தமிழில் இதற்கு நுட்பமான ஒரு வேறுபாடு உண்டு. உயர்தல் தன்வினை, உயர்த்துதல் பிறவினை. நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகும்போது ‘பள்ளி தரம் உயர்ந்தது’ என்று எந்த அரசாணையும் எழுதுவதில்லை; ‘தரம் உயர்த்தப்பட்டது’ என்றே எழுதுகிறது. அரசாணை மொழி அறியாமலேயே உண்மையைச் சொல்லிவிடும் அரிய இடங்களுள் இது ஒன்று. நம் கல்லூரி விளையாட்டில் உயர்தல் குறைவு, உயர்த்தப்படுதலே மிகுதி.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் தம் பல்கலைக்கழகத்தைப் பிரதிநிதித்துவம் செய்தோர், விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளுக்குக் கருதப்படும் தகுதி பெறுகின்றனர். ஒரே ஓர் ஆட்டத்தில் தோற்றுத் திரும்பியவர் கையிலும் அந்தச் சான்றிதழ் இருக்கும். மலையடிவாரத்திலிருந்து பேருந்து மாறிக் கல்லூரிக்கு வரும் ஒருவருக்கு அத்தாள் ஒரு குடும்பத்தின் திசையையே மாற்றக்கூடியது. மைசூர் நகரக் கல்லூரிகளின் வசதிகளோடு மோதி அதைப் பெற முடியாமற்போன தலைமுறைகள் உண்டு. எனவே புதிய பல்கலைக்கழகம் அவருக்கு எதையும் தரவில்லை என்று வாதிடுவது நேர்மையாகாது.

ஆனால் அவருக்கு ஆட்டம் கிடைத்ததா? மண்டலப் போட்டிகள் பொதுவாக வெளியேற்ற முறையில் தொடங்குகின்றன. கடைசி நான்கு அணிகளுக்குத்தான் சுழல்முறை. 64 அணிகள் இறங்கினால் 32 அணிகள் முதல் ஆட்டத்தோடு ஊர் திரும்பும். பயிற்சியாளர், செயற்கைத்தள ஆடுகளம், நிலையான பயணப்படி எதுவும் கூடிவராத புதிய பல்கலைக்கழகம் எந்த 32-இல் இருக்கும் என்பதைக் கணிக்கச் சோதிடம் வேண்டியதில்லை. இரவெல்லாம் முன்பதிவற்ற பெட்டியில் பயணம், ஒரே ஓர் ஆட்டம், மீண்டும் இரவுப் பயணம்: ஓராண்டின் ‘உயர்நிலை’ விளையாட்டு அவ்வளவில் முடிந்துவிடலாம்.

அமெரிக்காவில் இதே சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. அங்கே கல்லூரிகள் தம் பெயரிலேயே ஆடுகின்றன, என்.சி.ஏ.ஏ. அமைப்பு அவற்றை மூன்று பிரிவுகளாக வகுத்துள்ளது. இரண்டாம் பிரிவிலிருந்து முதற்பிரிவுக்கு மாறும் கல்லூரி, நான்காண்டுகள் தேசியப் பட்டப் போட்டிக்கு வெளியே காத்திருக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. 2019-இல் மாறிய மெரிமாக் கல்லூரி, 2023 மார்ச்சில் தன் கூட்டமைப்பின் கூடைப்பந்து இறுதியாட்டத்தில் ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகத்தை 67-66 என்று வென்றது. வென்றவர்கள் காத்திருப்பில் இருந்ததால் தேசியப் போட்டிக்குத் தோற்றவர்கள் சென்றார்கள். சென்று, முதல்நிலைத் தரவரிசை பெற்ற பர்டியூவை 63-58 என்று வீழ்த்தினார்கள். மெரிமாக் மாணவர்கள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். 2025 தொடக்கத்தில் அக்காத்திருப்பு ஓராண்டு குறைக்கப்பட்டது.

அவ்விதி கொடியது. ஆயினும் கல்லூரியின் கட்டமைப்பு புதிய நிலைக்கு ஏற்றதாக வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும் என்ற ஒப்புதல் அதனுள் இருக்கிறது. பட்டப் போட்டிதான் மறுக்கப்பட்டதே தவிர, அந்த நான்காண்டும் மெரிமாக் முழுப் பருவ ஆட்டங்களையும் ஆடியது. இங்கே காத்திருப்பும் இல்லை, பருவமும் இல்லை.

உயர்வதற்கு இன்னொரு வழி பணம். 2022-இல் பெங்களூரில் நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளில் 20 தங்கத்துடன் முதலிடம் பெற்றது, அதை நடத்திய ஜெயின் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அத்தங்கங்களின் பெரும்பகுதி நீச்சற்குளத்திலிருந்து வந்தது. நகரத்துத் தனியார் பயிற்சி மையங்களில் சிறுவயதிலேயே உருவானவர்களை ஈர்க்கும் ஆற்றல் அந்நிறுவனத்துக்கு இருந்தது. இதில் குற்றமில்லை, உதவித்தொகை பெற்ற மாணவருக்கு நன்மையே. ஆனால் பேதரபுரத்து வளாகத்தையும் அந்த நீச்சற்குளத்தையும் ஒரே தட்டில் நிறுத்திவிட்டு, இருவரும் ‘பல்கலைக்கழகங்கள்’ என்று சொல்வது வெறும் பெயரொற்றுமை.

செய்யக்கூடியது கடினமானதன்று. தென்மண்டலத்தை இரண்டு அல்லது மூன்று பிரிவுகளாக வகுக்கலாம். கீழ்ப்பிரிவுகளில் அண்டைப் பல்கலைக்கழகங்களைச் சேர்த்துச் சுழல்முறையில் ஆறேழு ஆட்டங்களாவது நடத்தலாம். முதலில் வருவோர் அடுத்த ஆண்டு மேற்பிரிவில் ஆடட்டும். வேலைக்கான தகுதிச் சான்றிதழ் எல்லாப் பிரிவினருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். இல்லையெனில் சீர்திருத்தத்தின் பெயரால் ஏழை மாணவரிடமிருந்து அத்தாளையும் பறித்ததாகிவிடும். தசரா விளையாட்டுகள் வட்டம், மாவட்டம், கோட்டம், மாநிலம் எனப் படிப்படியாக ஏறுவதைக் கண்டு பழகிய மாநிலத்துக்கு இவ்வெண்ணம் அந்நியமாகாது. செலவு கூடும் என்பார்கள். அண்டை மாவட்டத்துக்குப் பகற்பேருந்தில் ஆறு முறை செல்வதா, தொலைநகர் ஒன்றுக்கு ஒரே ஆட்டத்துக்காகச் சென்று தங்கித் திரும்புவதா, எது மிகுசெலவு என்று உடற்கல்வித் துறைகள் ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இதற்கிடையே, 2025-இல் நிதிப் பற்றாக்குறையைக் காட்டிப் புதிய பல்கலைக்கழகங்கள் ஒன்பதை மூடுவது அல்லது தாய்ப் பல்கலைக்கழகங்களோடு இணைப்பது குறித்துக் கர்நாடக அரசு ஆலோசித்தது. இணைப்பு நடந்தால் கொள்ளேகால் வீராங்கனை மறுபடியும் நான்கு மாவட்டத் தேர்வு வரிசையில் நிற்பார். அந்த ஆலோசனை குறித்த செய்திகளில் கட்டடம், ஊதியம், மாணவர் சேர்க்கை எல்லாம் இருந்தன. அணிகள் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கும் எழவில்லை.