பனங்கள்ளுக்கும் ஒரு முகவரி வேண்டும்

மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் நோக்கிச் செல்லும் பாதையில் அமைந்துள்ள தோட்டவெளி, 1544ஆம் ஆண்டில் சங்கிலி மன்னனின் படையினரால் கொல்லப்பட்ட கத்தோலிக்கர்களின் நினைவைச் சுமந்து நிற்கும் கிராமமாகும். அங்கு திருப்பலியில் பயன்படும் இரசம் திராட்சையிலிருந்தே பெறப்பட்டதாகவும் கலப்பற்றதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருத்தல் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆனால், ஆலயத்தின் வாசலைத் தாண்டினால் தீவெங்கும் ஓங்கி நிற்பது பனை. அதன் பாளையிலிருந்து இறக்கப்படும் கள் எந்த ஊரினது, எப்போது இறக்கப்பட்டது, எதனுடன் கலக்கப்பட்டது என்பதைத் தவறணையில் வாங்குபவர் அறிந்துகொள்வதற்கு வழியில்லை. இந்த வேறுபாட்டிலேயே சீவல் தொழிலாளரின் வருமானப் பிரச்சினையின் வேர் உள்ளது என்பது எமது கருத்தாகும்.

வைன் உலகில் நிலைமை இவ்வாறானதன்று. ஒரு போத்தலின் விலையைத் திராட்சையும் உழைப்பும் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஊரின் பெயர், அறுவடை ஆண்டு, சுவைஞர்களின் தீர்ப்பு ஆகியனவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. பிரான்ஸ் 1935ஆம் ஆண்டிலேயே, எந்தப் பிரதேசத்தின் வைன் அப்பிரதேசத்தின் பெயரைச் சூடலாம் என்பதற்குச் சட்டம் வகுத்தது. அமெரிக்க விமர்சகரான ரொபேர்ட் பார்க்கர் 1978ஆம் ஆண்டு தொடங்கிய சஞ்சிகையில் வழங்கிய நூற்றுக்கு இத்தனை என்ற புள்ளிகள், பல தசாப்தங்களாக உலகச் சந்தையில் விலைகளை ஏற்றியிறக்கின.

எனினும், இந்தச் சுவைஞர்கள் தவறிழைக்காதவர்கள் அல்லர். 1976ஆம் ஆண்டு பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற பிரித்தானிய வைன் வணிகர் பெயர்களை மறைத்து நடத்திய சோதனையில், பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னிய வைன்களுக்கு முதலிடம் வழங்கிவிட்டுத் திகைத்தனர். 2001இல் வெளியான போர்தோ பல்கலைக்கழக ஆய்வொன்றில், வெள்ளை வைனில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, வைன் துறையில் பயிலும் மாணவர்கள் 54 பேர் அதனைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே வர்ணித்தனர். ஒரே போத்தலிலிருந்து மூன்று தடவைகள் ஊற்றிக் கொடுத்தபோது நடுவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் மாத்திரமே மாறாத தீர்ப்பு வழங்கினர் என்பதை, கலிபோர்னியப் போட்டியொன்றை ஆராய்ந்து 2008இல் வெளியான கட்டுரை காட்டியது.

ஆகவே, நாம் கற்க வேண்டியது புள்ளி போடும் வித்தையை அன்று. நாவு தவறலாம், பெயரும் ஊரும் நாளும் பதிவு செய்யப்பட்டிருந்தால் பொறுப்புக்கூற ஒருவர் இருப்பார். 1985ஆம் ஆண்டில் ஒஸ்திரிய வைன்களில் இரசாயனக் கலப்படம் கண்டுபிடிக்கப்பட்டபோது அந்நாட்டின் ஏற்றுமதியே சரிந்து வீழ்ந்தது. கடுமையான சட்டமொன்றை இயற்றி, ஆண்டுக்கணக்கில் உழைத்தே அந்நாடு நம்பிக்கையை மீட்டது. வர்ணனைகளால் மீளாத நற்பெயர், சோதனையாலும் முத்திரையாலும் மீண்டது.

கள்ளைப் பொறுத்தவரை இத்தகைய ஏற்பாடு இன்னும் அவசியமானது. வைன் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். கள் ஒரு பகற்பொழுதுக்குக்கூடக் காத்திராது. முட்டியில் சொட்டும் சாற்றில் இயற்கையான ஈஸ்டும் பற்றீரியாக்களும் உடனே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. காலையில் இனிப்பாக இருப்பது மதியத்தில் காரமேறி, மறுநாள் புளித்துக் காடியாகும் வழியில் இறங்கிவிடுகின்றது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் அதே சாறு கருப்பணியாகி, பனங்கட்டிக்கு உதவுகின்றது. எந்தப் பனையின் கள், யார் சீவியது, எந்நேரத்தில் இறக்கியது என்பதை நாவாலேயே பிரித்தறியும் முதியவர்கள் எமது ஊர்களில் இருந்து வந்துள்ளனர். அவர்களது அறிவு எழுத்தில் பதியப்படவுமில்லை, விலையில் பிரதிபலிக்கவுமில்லை. நல்ல கள்ளும் தண்ணீர் கலந்த கள்ளும் ஒரே வாளியில் ஊற்றப்படும்போது, நேர்மையாக உழைத்தவனுக்கே நட்டம் ஏற்படுகின்றது.

நாளொன்றுக்கு இரு தடவைகள் மரமேறி, தவறி விழுந்தால் உயிரையோ உடலுறுப்பையோ இழக்கும் தொழில் இது. சாதியின் பெயரால் இழிவையும் சுமத்திய சமூகம் எமது சமூகம். யுத்த காலத்தில் காவலரண்களுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டன. இன்று காற்றாலைகளும் கனிய மணல் அகழ்வும் தமது நிலத்தையும் நிலத்தடி நீரையும் பாதிக்கும் என மன்னார்த் தீவு மக்கள் அஞ்சுகின்றனர். 2025ஆம் ஆண்டில் அவர்கள் வீதியில் இறங்கிப் போராடியதை நாடே அறியும். இத்தகைய சூழலில் பிள்ளைகள் தந்தையின் தளைநாரைக் கையிலெடுக்க மறுப்பதில் வியப்பில்லை.

அரசாங்கமோ கள்ளைப் பெரிதும் வரி அறவிடும் பண்டமாகவே நோக்கி வருகின்றது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் இத்துறையை ஆள்கின்றது. 1978இல் உருவாக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் கூட்டுறவுச் சங்கங்களும் ஆற்றிய பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பைப் பெற முடிந்த நாட்டில், வடபுலத்தின் பனைக்கு அத்தகைய முயற்சி ஏன் முன்னுரிமை பெறக்கூடாது? அயலில் கோவா மாநிலம் தனது பெனி மதுவுக்கு 2009ஆம் ஆண்டிலேயே அக்குறியீட்டைப் பெற்றுவிட்டது.

மதுவுக்காக வாதாடுவதா என்று வாசகர்கள் கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானதல்ல என உலக சுகாதார ஸ்தாபனம் 2023இல் தெளிவாக அறிவித்தது. குடியால் சீரழிந்த குடும்பங்கள் மன்னாரில் இல்லை என்று எவரும் கூறமுடியாது. 2006ஆம் ஆண்டின் சட்டம் மதுபான விளம்பரத்தைத் தடை செய்திருப்பதும் சரியானதே. நாம் கோருவது விளம்பரத்தை அன்று, உண்மையை. கள்ளைத் தடை செய்வதால் மட்டும் குடி ஒழிந்துவிடுவதில்லை. 1987 முதல் கள்ளுக்குத் தடை விதித்துள்ள தமிழ்நாட்டில், அரசின் டாஸ்மாக் கடைகள் அதனைவிடக் கடுமையான மதுவகைகளை விற்று வருகின்றன. இழந்தது பனையேறியின் வாழ்வு மட்டுமே.

எனவே, சேகரிப்பு நிலையங்களில் முட்டிக்கு முட்டி சோதனை செய்யப்பட்டு, தரத்திற்கேற்ப விலை வழங்கப்படல் வேண்டும். போத்தலில் ஊரும் நாளும் குறிக்கப்பட வேண்டும். தரத்தை மதிப்பிடும் குழுவில் அதிகாரிகளுடன் அனுபவமிக்க தொழிலாளரும் அமர்ந்து, பெயர் மறைத்த முறையில் சுவைத்துத் தீர்ப்பளிக்க வேண்டும். விபத்துக் காப்புறுதி ஒவ்வொரு தொழிலாளருக்கும் கிடைத்தாக வேண்டும். கருப்பணிக்கும் பனங்கட்டிக்கும் கள்ளைவிடக் கூடிய ஊக்குவிப்பு அளிக்கப்படுமாயின், தொழிலும் வாழும், குடும்பங்களும் காக்கப்படும்.

ஊரின் பெயரே வைனுக்கு விலையைத் தேடித்தந்தது. தோட்டவெளியின் பனைகளுக்கும் பெயரும் ஊரும் உண்டு. அவற்றைப் போத்தலில் பொறிக்கும் துணிவு சம்பந்தப்பட்ட தரப்பினருக்கு வருமா?