காவலும் செப்பமும்

ஏரியைக் காப்போர்க்குக் கடமை இரண்டு உண்டு. மதகினைக் கண்டவர் திறவாமற் காத்தல் ஒன்று. கரையில் விழும் நண்டுவளைகளை அவ்வப்போது அடைத்துச் செப்பனிடுதல் மற்றொன்று. மதகைப் பூட்டிச் சாவியை இடுப்பிற் செருகிக்கொண்டவன் கரையைப் பாராது வாளா இருப்பின், பெருமழை பெய்யும் இரவில் அச்சாவியாற் பயன் யாது?

அலுவலகக் கணிப்பொறிகளின் காவலும் இத்தகையதே. பணியாளர் தம் விருப்பம்போற் செயலிகளைப் பதிவிறக்கி நிறுவுதல் ஆகாது எனப் பல அலுவலகங்கள் விதித்துள்ளன. இவ்விதி தக்கதே. இலவசம் என்று வரும் செயலியினுள் நச்சுநிரல் மறைந்திருத்தல் கூடும். கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருத்தலின், ஒருவர் மேசையிற் புகுந்த கேடு அனைவர் மேசைக்கும் பரவும். அவரவர் பணிக்கு வேண்டிய அளவே உரிமை தருதல் வேண்டும் என்னும் நெறியைச் சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1975-ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதினர்.

எனினும், தடை ஒன்றே காவலாகிவிடாது. 2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் நச்சுநிரல் பல நாடுகளிற் பரவிற்று. அது பரவுதற்குப் பணியாளர் எதனையும் பதிவிறக்க வேண்டியதில்லை. விண்டோஸ் மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டையின் வழியே கணிப்பொறி விட்டுக் கணிப்பொறி தானே தாவிற்று; கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்புகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அல்லலுற்றன. மருத்துவரைக் காண நாள் குறிக்கப்பெற்ற ஆயிரக்கணக்கானோர் காணவியலாது நின்றனர். ஐந்து இடங்களில் அவசர நோயாளர் தொலைவிலுள்ள மருத்துவமனைகளுக்குச் செல்ல நேர்ந்தது. அவ்வோட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சு 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. மருந்து கைக்கு எட்டி 59 நாள் கழிந்தும் அதனை இடாமையே அத்துன்பத்திற்குக் காரணமாயிற்று.

புதுப்பித்தால் பழைய கருவிகள் இயங்காது போகலாம் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் பொருளற்றது என்று தள்ளுதற்கில்லை. ஆயின், சில கணிப்பொறிகளில் முதலில் இட்டுச் சோதித்துப் பின்னர் அனைத்திலும் இடுதலே அதற்குத் தக்க வழியாகும். காலவரையின்றித் தள்ளிப்போடுதல் ஓட்டையைத் திறந்தே வைத்திருத்தலாகும்.

இங்கு ஓர் உண்மையைச் சிந்தித்தல் வேண்டும். நிறுவும் உரிமை இல்லாத பணியாளர், பழுதைக் கண்டாலும் தாமே திருத்தவியலாது. ஆதலின், அவரிடமிருந்து உரிமையை வாங்கிக்கொண்டோர் அதனோடு கூடிய கடமையையும் வாங்கிக்கொண்டோரே ஆவர். வெளிவரும் திருத்தங்களைக் காலந்தாழ்த்தாது எல்லாக் கணிப்பொறிகளிலும் இடுதல் அவர்தம் பொறுப்பு. பணிக்கு வேண்டிய செயலியைப் பணியாளர் கேட்பின், ஆராய்ந்து விரைவில் விடை கூறுதலும் அவர்தம் பொறுப்பே. விடை வாராவிடின், பணியாளர் மறைவழி நாடுவர், விதியும் வீணாகும்.

மதகின் சாவியை ஏற்றவன் மண்வெட்டியையும் ஏற்றல் வேண்டும். அப்பொழுதே ஏரி நிற்கும்; அதனை நம்பிய ஊரும் வாழும்.