இஃபாப் பலகையும் எழுதாப் பாடலும்

மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் தென்மேற்கிலும் அதனை அடுத்த பெனின் நாட்டிலும் வாழும் யோருபா மக்கள் குறி கேட்கும் மரபு 'இஃபா' எனப்படும். அதற்குரிய மரப்பலகைகளையும் தந்தத்தாலான தட்டுகோல்களையும் ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் சிற்பங்களாகப் போற்றிக் காத்து வருகின்றன. ஜெர்மனியின் உல்ம் நகரிலுள்ள பலகை 1659-க்கு முன்பே ஆப்பிரிக்காவிலிருந்து அங்குச் சென்றது. அதன் பழமையும் வேலைப்பாடும் வியக்கத்தக்கனவே. ஆயினும், இத்தகைய பலகையைக் கண்ணாடிப் பேழைக்குள் காண்பவர் அதன் பாதியையே காண்கிறார் என்பது நம் கருத்து.

பலகையின் ஓரமெங்கும் மனிதரும் விலங்கும் பின்னல் கோலமும் செதுக்கப்பட்டிருக்கும். மேல்விளிம்பில் எஷு என்னும் தெய்வத்தின் முகம் குறிவல்லாரை நோக்கியிருக்கும். நடுப்பகுதியோ வெறுமையானது. அதில் மரத்தூளைப் பரப்பி, 'பபலாவோ' எனப்படும் குறிவல்லார் தட்டுகோலால் பலகையைத் தட்டி இஃபாவை அழைப்பார். எண்ணெய்ப்பனையின் கொட்டைகள் 16-ஐ ஒரு கையில் வைத்து மறு கையால் அள்ளுவார். ஒன்று எஞ்சினால் தூளில் இரு கோடுகள். இரண்டு எஞ்சினால் ஒரு கோடு. இவ்வாறு எட்டு முறை இட்டால் ஒரு குறி அமையும். அமையக்கூடிய குறிகள் 256. ஒவ்வொன்றுக்கும் பாடல்கள் பல உண்டு. ஆசானிடம் பல்லாண்டு பயின்று அவற்றைக் குறிவல்லார் நெஞ்சில் ஏற்றியிருப்பார். வந்தவருக்கு விடையாவது அப்பாடலே. (செதுக்கிய முகங்கள் எத்துணை அழகாயினும், வினை நிகழ்வது செதுக்காத நடுவிலேதான்!)

குறி பார்த்தல் இஸ்லாத்தில் விலக்கப்பட்டதாயிற்றே, நாம் ஏன் இதனைப் பேசவேண்டும் என்று பெரியோர் வினவலாம். வினா முறையானதே. யோருபா மக்களுள் பெருந்தொகையினர் முஸ்லிம்கள். இஃபாவில் ஒட்டுரா மெஜி என்னும் குறியின் பாடல்களில் முஸ்லிம்களும் இடம்பெறுகின்றனர். மணலில் கோடிட்டுக் குறி காணும் அரபு முறைக்கும் அடிப்படைக் குறிகள் 16. இரண்டுக்கும் உறவுண்டெனக் கருதும் ஆய்வாளரும் உளர். குறியை ஏலாமலே பாடலைக் கற்கலாம். ஜாஹிலிய்யாக் காலத்து அரபுக் கவிதையைச் சொல்வளம் கருதி மதரஸாக்களில் கற்றுவரவில்லையா? அக்கவிஞர்தம் வழிபாட்டை எவரும் ஏற்றதில்லை.

யோருபா அறிஞர் வாண்டே அபிம்போலா இஃபாப் பாடல்களைத் தொகுத்து மொழிபெயர்த்து நூலாக்கினார். யுனெஸ்கோ 2005-இல் இஃபாவை மானுடத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. பலகையைக் காட்சிக்கு வைப்போர் அதனருகே ஒரு பாடலையேனும் யோருபா மொழியிலேயே ஒலிக்கச் செய்தல் வேண்டும்.