இரண்டும் நல்லவையே, ஏன் சேரவில்லை?



கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குப் பனி என்றவுடன், மார்கழி விடியலில் திராட்சைப் பந்தலின் இலை நுனிகளில் திரண்டு நிற்கும் ஈரமே நினைவுக்கு வரும். வெயில் ஏறினால் அது மறைந்துவிடும். ஆனால் நம் இல்லங்களில் பிறந்த பிள்ளைகள் பலர், மாதக்கணக்கில் உறைபனி நிலத்தை மூடிக்கிடக்கும் நாடுகளில் இன்று குடும்பம் நடத்துகின்றனர். அவர்களுடைய பிள்ளைகளின் சிறு துன்பங்கள்கூட, தொலைபேசி வழியாக நம் திண்ணைகளுக்கு வந்து சேர்கின்றன. அத்தகைய ஒரு துன்பமே இம்மாதம் நம்மை எழுதத் தூண்டிற்று.

திராட்சை பயிரிடும் பெரியவர் ஒருவர் அண்மையில் நம்மைக் காண வந்தார். அவருடைய மகளும் மருமகனும் நார்வே நாட்டில் பணியாற்றுகின்றனர். அங்கே பள்ளிகளில் பனிச்சறுக்கு நாள் என்று ஒரு நாளைக் குறித்து, மாணவர்களைப் பனிவெளிக்கு அழைத்துச் செல்வது வழக்கம். பத்து வயதுப் பேரனுக்காகத் தாத்தா, திராட்சை விற்ற பணத்தில் ஒரு பகுதியை அனுப்பியிருந்தார். மகள் சிக்கனம் கருதி, ஒருவரிடம் பழைய சறுக்குப் பலகைகளையும் மற்றொருவரிடம் பழைய காலணிகளையும் வாங்கினாள். பலகை பழுதற்றது, காலணியும் சிறுவனின் காலுக்கு அளவெடுத்தது போல் இருந்தது. ஆனால் பனிவெளியில் காலணியைப் பலகையின் மீது வைத்து எத்தனை முறை மிதித்தும் அது பூட்டிக்கொள்ளவில்லை. தோழர்கள் எல்லாரும் மரங்களுக்கிடையே சறுக்கிச் செல்ல, அவன் மட்டும் மாலை வரை ஒதுங்கி நின்றான். இனி அத்தகைய நாளில் பள்ளிக்கே போகமாட்டேன் என்று அடம் பிடிக்கிறானாம்.

“ஐயா, பலகையும் நல்லது, செருப்பும் நல்லது என்கிறாள் மகள். இரண்டும் நல்லவை என்றால் ஏன் சேரவில்லை? நான் அனுப்பிய பணம் போதாமல் போயிற்றோ?” என்று பெரியவர் கேட்டார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

பணத்தில் குறையில்லை என்று அவருக்கு ஆறுதல் கூறினோம். பின்னர் இதைப் பற்றித் தெளிவாக அறிந்துகொள்ள முயன்றோம். அறிந்தவற்றை, வெளிநாடுகளில் பிள்ளைகளைக் கொண்டுள்ள பெற்றோர் அனைவருக்கும் பயன்படும் என்று இங்கே தருகிறோம்.

பனிச்சறுக்கில் இரு பெரும் வகைகள் உள்ளன. மலைச்சரிவில் விரைந்து இறங்குவது ஒன்று. அதற்குரிய காலணி கல்லைப் போல் விறைப்பானது. முன்காலும் குதிகாலும் பலகையோடு இறுகப் பூட்டப்படும். சமவெளியிலும் காட்டுப் பாதையிலும் நெடுந்தூரம் நடப்பதுபோல் சறுக்கிச் செல்வது மற்றொன்று. இதில் கால்விரல் பக்கம் மட்டுமே பலகையோடு இணையும். நாம் நடக்கையில் குதிகால் எழுவது போல இங்கும் எழவேண்டும். காலணியைப் பலகையோடு இணைக்கும் பூட்டுக்குப் பைண்டிங் என்று பெயர். நாம் இதனைப் பிணைப்பு என்போம். முதல் வகைக் காலணி இரண்டாம் வகைப் பிணைப்பில் ஏறவே ஏறாது.

நெடுந்தூரச் சறுக்கிற்குரிய பிணைப்பிலும் பல குடும்பங்கள் உண்டு. 1927-இல் ப்ரூர் வித் என்னும் நார்வே நாட்டவர் மூன்று முளைகள் கொண்ட பிணைப்பை உருவாக்கினார். காலணியின் முன்புறம் தட்டையாக நீண்டிருக்கும். அதன் அடியில் மூன்று துளைகள் இருக்கும். முளைகள் துளைகளில் நுழைய, மேலே ஒரு கம்பி அழுத்திப் பிடிக்கும். இதன் பெயர் ரொட்டெஃபெல்லா. நம் மொழியில் எலிப்பொறி என்று பொருள். இவ்வகையின் வழக்கமான அகலம் 75 மில்லிமீட்டர். இதில் இடக்கால், வலக்கால் என்ற வேறுபாடும் உண்டு. பலகைகளை மாற்றி அணிந்தால் முளை துளையில் சேராது.

பின்னர் காலணியின் நுனியில் குறுக்காக ஓர் உலோகக் கம்பியைப் பதித்து, அதனைப் பிணைப்பு கவ்விக்கொள்ளும் முறை வந்தது. இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. 1980-களில் ரொட்டெஃபெல்லா நிறுவனம் என்.என்.என். என்ற முறையைக் கொணர்ந்தது. அதன் பிணைப்பில் இரு மெல்லிய வரம்புகள் நீளவாக்கில் ஓடும். காலணியின் அடியில் அவற்றுக்கேற்ற இரு பள்ளங்கள் இருக்கும். பிரான்சு நாட்டுச் சாலமன் நிறுவனத்தின் எஸ்.என்.எஸ். முறையிலோ ஒரே ஓர் அகன்ற வரம்பும், அதற்கேற்ற ஓர் அகன்ற பள்ளமும் உண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தவை போல இருக்கும். ஆனால் ஒன்று மற்றொன்றில் அமராது. எஸ்.என்.எஸ். முறையிலேயே பைலட் என்னும் பிரிவின் காலணியில் இரு கம்பிகள் இருக்கும். ஒரு கம்பிக்கென அமைந்த ப்ரொஃபில் பிணைப்பில் அது பொருந்தாது. காட்டுவழிப் பயணத்திற்கான என்.என்.என். பி.சி. என்பதோ இன்னும் தடித்த கம்பியுடையது. எனவே அது சாதாரண என்.என்.என். முறையோடு சேராது.

பேரனுக்கு நேர்ந்ததும் இதுவே. காலணியின் அடியில் இரு பள்ளங்கள். பிணைப்பிலோ ஓர் அகன்ற வரம்பு. இரண்டும் தத்தம் அளவில் குறையற்றவை. நம் அடுக்களையில் இதை நாம் கண்டதில்லையா? ஐந்து லிட்டர்க் குக்கர் இரண்டு இருந்தாலும், ஒரு நிறுவனத்தின் ரப்பர் வளையம் மற்றொன்றின் மூடியில் அமராது. ஆவி பக்கவாட்டில் சீறும். ஒரு வண்டியின் கடையாணி வேறொரு வண்டியின் அச்சில் நில்லாது. அதற்காக ஆணியையோ அச்சையோ பழிப்பார் உண்டோ?

புதிதாக வாங்குவோர்க்கு இன்று தொல்லை குறைந்துள்ளது. சாலமன் 2016-இல் கொணர்ந்த ப்ரோலிங்க் பிணைப்பும், ஃபிஷர், ரொசினோல் நிறுவனங்களின் டர்னாமிக் பிணைப்பும் என்.என்.என். காலணியை ஏற்றுக்கொள்கின்றன. பழையன வாங்குவோரே விழிப்புடன் இருத்தல் வேண்டும். அவர்களுக்காகச் சில குறிப்புகள்:

முதலாவது, காலணியை முதலில் தேர்ந்தெடுங்கள். காலுறையோடு அணிந்து நின்று, விரல்களை அசைக்க இடமுண்டா, குதிகால் உள்ளே வழுக்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிணைப்பை மாற்றலாம், காலை மாற்ற முடியாது.

இரண்டாவது, காலணியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். துளைகளா, கம்பியா? கம்பி எனில் ஒன்றா, இரண்டா? பள்ளம் ஒன்றா, இரண்டா? பெயர் பொறித்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, விலை பேசுமுன் காலணியைப் பிணைப்பில் வைத்துப் பூட்டிப் பாருங்கள். குதிகால் தாராளமாக எழவேண்டும். நுனி பக்கவாட்டில் ஆடலாகாது. பூட்டாததைச் சுத்தியால் தட்டியோ கயிற்றால் கட்டியோ பொருத்த முயல வேண்டா. நடுவழியில் கழன்றால் பிள்ளை விழுந்து அடிபட நேரும்.

நான்காவது, நெடுநாள் பயன்படுத்தாத பழங்காலணியின் அடியை வளைத்துப் பாருங்கள். பாலியூரித்தேன் என்னும் பொருளாலான அடி, பார்வைக்குப் புதிதாக இருந்தும் காலப்போக்கில் ஈரத்தால் நைந்து பொடிந்துவிடும்.

ஐந்தாவது, வாங்கியவை பொருந்தாவிட்டால் எறிந்துவிடாதீர்கள். திறமையான கடைக்காரர் பலகையிலுள்ள பழைய பிணைப்பைக் கழற்றி வேறொன்றை அமைத்துத் தருவார். பிள்ளைகளின் கால் ஆண்டுதோறும் வளர்வதால், இரவல் பெறுவதும் நன்று. நார்வேயில் விளையாட்டுக் கருவிகளைக் கட்டணமின்றி இரவல் தரும் நிலையங்கள் பல ஊர்களில் உள்ளன.

இது நமக்குத் தொடர்பில்லாத விளையாட்டு எனத் தள்ளிவிடவும் வேண்டா. நம் நாட்டில் குல்மார்க்கிலும் ஔலியிலும் பனிச்சறுக்கு நடைபெறுகிறது. நெடுந்தூரச் சறுக்குப் போட்டியில் தாஷி லுண்டுப் 2010-இலும், நதீம் இக்பால் 2014-இலும், ஜக்தீஷ் சிங் 2018-இலும் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டனர். யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956-இலேயே நார்வே சென்றவர். அவருக்குப் பின் மாணவராகவும், 1983-க்குப் பிறகு அகதிகளாகவும் சென்ற ஈழத்தமிழர் பலர் அங்கே வேரூன்றினர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு உறைபனி அந்நியமன்று; பள்ளிக்காலத் தோழமையே அதன்மேல்தான் வளர்கிறது. ஆகவேதான் ஒரு பூட்டு பூட்டாமற்போனால், பிள்ளைக்கு அது ஒரு நாள் விளையாட்டின் இழப்போடு நிற்பதில்லை. ‘நான் இவர்களுள் ஒருவன் அல்லன்’ என்ற எண்ணம் அவன் நெஞ்சில் விழுந்துவிடுகிறது. பெற்றோர் முதலில் நீக்க வேண்டியது அந்த எண்ணத்தையே. “குறை உன்னிடம் இல்லை, பள்ளமும் வரம்பும் சேரவில்லை, அவ்வளவே” என்று காலணியைக் கவிழ்த்துக் காட்டிப் பிள்ளைக்கு விளக்குங்கள்.

பெரியவரிடம் இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினோம். சில வாரங்கள் கழித்து அவர் மீண்டும் வந்தார். கையில் இருந்த தொலைபேசியில் இரு படங்கள்: ஒன்று பேரனுடைய காலணியின் அடி, மற்றொன்று மகள் வாங்க எண்ணியிருந்த பலகையின் பிணைப்பு. கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு, விரலை வைத்து எண்ணிக் காட்டினார்: “இங்கே இரண்டு பள்ளம், ஐயா, அங்கே இரண்டு வரம்பு. வாங்கச் சொல்லிவிட்டேன்.” உறைபனியைக் கண்ணாலும் கண்டிராத அவர், பள்ளத்தாக்கின் பந்தல் நிழலில் இருந்தபடியே தம் பேரனுக்கு வழி திறந்துவிட்டார்.